நரம்பு சொல்லும் சாட்சி

மனிதனுக்கு வரும் நோய்களுள் சில கண்ணுக்குத் தெரிவன. சில கருவிக்குத் தெரிவன. வேறு சிலவோ, நோயாளியின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு அடையாளமே இல்லாதன. காயத்தைக் காட்டலாம். காய்ச்சலை அளந்து சொல்லலாம். ஆனால், ‘குறுக்கு வலிக்கிறது, வலி தொடை வழியாக இறங்கிக் குதிகாலைச் சுண்டி இழுக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அதை எப்படிக் காட்டுவது? கேட்பவர் நம்பினால் அது நோய். நம்பாவிட்டால் அது சோம்பல்!

இந்த நம்பிக்கையின்மையால் துன்புறுவோர் உழைப்பாளிகளே. விருதுநகர்–சிவகாசி வட்டாரத்தில், அர்ச்சுனா ஆற்றின் குறுக்கே அணை கட்டப்பட்டுள்ள ஆனைக்குட்டத்தையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எண்ணிப் பார்ப்போம். வானம் பொய்க்கும் கரிசல் நிலம் அது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பித் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய காலம் முதல், அந்தப் பகுதியின் சோறு நெருப்போடு பிணைந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்றே அங்குள்ளோர் தொழிற்சாலைகளைச் சொல்வர். அங்கே சட்டத்தில் குச்சி அடுக்குவதும், காகிதக் குழாய் சுருட்டுவதும், சரம் பின்னுவதும் பெரும்பாலும் தரையில் அமர்ந்து, முன்குனிந்து, மணிக்கணக்காகச் செய்யும் வேலைகள். அச்சகங்களிலோ காகிதக் கட்டுகளைத் தூக்கி இறக்கும் வேலை. எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி என்னும் இடத்தில், எழுந்து இடுப்பை நிமிர்த்தும் நேரமும் கூலியில் குறைந்துவிடும்.

வெடி விபத்து நேர்ந்தால் நாடே அறிகிறது. ஓசையின்றி ஒடியும் இடுப்பை யார் அறிவார்? சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்தி, உள்ளே இருக்கும் அழுத்தத்தை நேரடியாக அளந்தார். நிற்பதைவிட முன்குனிந்து அமர்ந்திருக்கும்போது அழுத்தம் மிகுகிறது என்றும், குனிந்தபடி பளு தூக்கும்போது அது மேலும் ஏறுகிறது என்றும் கண்டார். நம் தாய்மார்கள் ‘உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே’ என்று ஏளனமாகக் கேட்கப்படும்போது தரவேண்டிய மறுமொழி இதுவே.

வாயால் சொல்லும் வலிக்கு உடலே ஒரு சாட்சி சொல்லுமா? சொல்லும் என்று மருத்துவ உலகம் கண்டறிந்தது ஒரு சிறு சுத்தியலின் துணையால். அந்தச் சுத்தியல் வரும்வரை நேர்ந்தவற்றையும், வந்தபின் நிகழ்ந்தவற்றையும் இங்கே காண்போம்.

பழையோர் கண்டது

இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் இவ்வலியை மனித குலம் நெடுங்காலமாக அறியும். சுசுருத சம்ஹிதை இதனைக் கிருத்ரசி என்று அழைக்கிறது. கிருத்ரம் என்றால் கழுகு. இந்நோய் கண்டவர் காலை இழுத்துச் சாய்ந்து நடப்பது கழுகின் நடையை ஒத்ததால் இப்பெயர் வந்தது என்பர். குதிகாலுக்கும் விரல்களுக்கும் செல்லும் நாண் வாயுவால் தாக்குண்டு, காலை உயர்த்த விடாமல் தடுப்பதே இந்நோய் என்று அந்நூல் இலக்கணம் கூறுகிறது. ‘காலை உயர்த்த முடியாமை’ என்னும் அடையாளத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். அது மீண்டும் வரும்.

அரபு மருத்துவர்கள் இதனை ‘இர்க்குன் னஸா’ என்றனர். நம் முன்னோர்களுக்கு இது புதிய சொல்லன்று. நபி யஃகூப் (அலை) அவர்கள் இவ்வலியால் துன்புற்று, குணமானால் தமக்கு மிகவும் விருப்பமான உணவை விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டார்கள் என்று, ஆல இம்ரான் அத்தியாயத்தின் 93ஆம் வசனத்திற்கு விளக்கம் எழுதிய பெரியோர் குறிப்பிடுகின்றனர். விலங்கின் தொடை நரம்பை உண்ணாமல் நீக்கும் வழக்கம் யூதர்களிடம் இன்றும் உண்டு; அந்த நரம்பின் எபிரேயப் பெயரும் ‘நஸா’ என்னும் அரபுச் சொல்லும் உறவுடையவை.

திமிஷ்க் நகரத்துப் பேரறிஞர் இப்னுல் கய்யிம் (1292–1350) நபிவழி மருத்துவம் பற்றி எழுதுகையில் இந்நோயை விரித்துரைத்திருக்கிறார். வலி இடுப்பு மூட்டில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, சில வேளை கணுக்கால் வரை செல்லும். நாள் செல்லச் செல்ல இன்னும் கீழே இறங்கும். நாளடைவில் காலும் தொடையும் மெலியும் என்கிறார். நரம்பு நசுங்கினால் தசை மெலியும் என்பது இன்றைய மருத்துவம் ஒப்புக்கொள்ளும் உண்மை. மற்றெல்லாவற்றையும் மறக்கச் செய்யும் வலி என்பதால் இப்பெயர் வந்தது என்ற ஒரு விளக்கத்தையும் அவர் தருகிறார். இதனினும் குறிப்பிடத்தக்கது மற்றொன்று. இந்நோய்க்கு ஆட்டின் வால் கொழுப்பை உருக்கி உண்ணும்படி கூறும் நபிமொழி இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. அதனை எடுத்துரைக்கும் இப்னுல் கய்யிம், இது ஹிஜாஸ் மக்களையும் அவர்களை அடுத்து வாழ்வோரையும் நோக்கிக் கூறப்பட்டது என்று தெளிவுபடுத்துகிறார். ஒரு மருந்து யாருக்கு, எந்த நிலத்தில், எந்த வகை நோய்க்கு என்று கேட்கும் அறிவு நமக்குப் புதிதாக வந்ததன்று.

அண்டலூசியாவின் அறுவை மருத்துவர் அஸ்-ஸஹ்ராவி தம் ‘தஸ்ரீஃப்’ நூலில் இவ்வலிக்குச் சூடு போடும் முறையை விளக்கினார். இப்னு சீனா (980–1037) தம் ‘கானூன்’ நூலில் தண்டுவடத்திலிருந்து இணை இணையாகக் கிளம்பும் நரம்புகளைக் கழுத்து முதல் வாலெலும்பு வரை வரிசைப்படுத்தியதோடு, இடுப்பு வலியையும் இர்க்குன் னஸாவையும் தனித்தனியே ஆராய்ந்தார். ஆயினும் நரம்பின் வரிசையும் வலியின் வழியும் ஒன்றோடொன்று பொருத்தப்படவில்லை. இந்த வலி இந்த நரம்பினது என்று சுட்டிக்காட்டும் வழி அன்று எவரிடமும் இல்லை.

நரம்பின் நோய் என்று துணிந்தவர்

இவ்வலி மூட்டின் நோயா, நரம்பின் நோயா என்னும் கேள்விக்கு முதன்முதலாகத் தெளிவான விடை தந்தவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் தொமேனிக்கோ கோத்துன்யோ (1736–1822). 1764இல் இலத்தீன் மொழியில் அவர் வெளியிட்ட நூல், மூட்டிலிருந்து எழும் இடுப்பு வலியையும் நரம்பிலிருந்து எழும் வலியையும் பிரித்துக் காட்டியது. நரம்பின் உறைக்குள் நீர் தேங்குவதே காரணம் என்று அவர் கருதியது பிழையாயிற்று; ஆனால் குற்றவாளி நரம்புதான் என்றது நிலைத்தது. நெடுங்காலம் இந்நோயைக் கோத்துன்யோவின் பெயராலேயே அழைத்தனர்.

அடுத்த நூற்றாண்டில் நரம்பின் இயக்கம் தெளிவாயிற்று. தண்டுவடத்தின் முன்வேர்கள் தசையை இயக்குவன, பின்வேர்கள் உணர்வைக் கொண்டுவருவன என்பதை இங்கிலாந்தின் சார்லஸ் பெல்லும் பிரான்சின் மஜெந்தியும் 1811க்கும் 1822க்கும் இடையே நிறுவினர். வெளியிலிருந்து வரும் தூண்டல் தண்டுவடத்தை அடைந்து, மூளையின் கட்டளைக்குக் காத்திராமல், தசைக்கே திரும்பும் என்பதை மார்ஷல் ஹால் 1833இல் விளக்கினார். இதனையே நாம் அனிச்சைச் செயல் என்கிறோம். தும்மல் போல, கண் இமைப்பது போல, மனத்தின் விருப்பத்தைக் கேளாமல் நிகழ்வது அது.

ஒரே இதழில் இரு கட்டுரைகள்

1875ஆம் ஆண்டு. ஜெர்மானிய மருத்துவ இதழ் ஒன்றின் ஒரே தொகுதியில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்றை எழுதியவர் ஹைடல்பெர்க் நகரத்து வில்ஹெல்ம் எர்ப்; மற்றொன்றை எழுதியவர் பெர்லின் நகரத்துக் கார்ல் வெஸ்ட்ஃபால். இருவரும் தனித்தனியே ஒன்றையே கண்டிருந்தனர்: முழங்காற்சில்லுக்குக் கீழே உள்ள நாணைத் தட்டினால், தொங்கும் கால் தானே முன்னோக்கித் துள்ளுகிறது! தண்டுவடத்தைத் தாக்கும் ஒரு வகை நோயில் இத்துள்ளல் மறைந்துவிடுகிறது என்பதையும் வெஸ்ட்ஃபால் கண்டார்.

குழந்தைகள் விளையாட்டாகச் செய்து பார்த்திருக்கக்கூடிய ஒன்று, இவ்வாறு மருத்துவ அறிவாயிற்று. இது அனிச்சைச் செயலே என்றார் எர்ப். இல்லை, தசை நேரடியாக அதிர்ந்து துள்ளுகிறது என்றார் வெஸ்ட்ஃபால். பின்வந்த ஆய்வுகள் எர்ப் பக்கமே தீர்ப்பளித்தன. இங்கிலாந்தின் ஷெரிங்டன் பல்லாண்டுகள் உழைத்து இதன் இயக்கத்தை விளக்கினார். நாணைத் தட்டும்போது தசை ஒரு நூலிழை அளவு நீள்கிறது. தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணர்கருவி அதை உணர்ந்து பின்வேர் வழியாகத் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகிறது. அங்கிருந்து முன்வேர் வழியாகச் ‘சுருங்கு’ என்ற கட்டளை திரும்புகிறது. கணுக்காலில் இந்தப் போக்குவரவு முழுதும் முடிய, ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் ஏறத்தாழ 30 கூறுகளே ஆகும். அந்த நேரத்திற்குள் பொய் சொல்ல எந்த மனிதனாலும் இயலாது.

முதலில் மருத்துவர்கள் கைவிரலாலும் உள்ளங்கையின் ஓரத்தாலும், நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் பழைய சிறு சுத்தியலாலும் தட்டினர். 1888இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் மேடிசன் டெய்லர் என்பவர் முக்கோண வடிவ ரப்பர்த் தலை கொண்ட சுத்தியலை இதற்கென்றே அமைத்தார். இன்றும் மருத்துவர் பலரின் மேசையில் நாம் காண்பது அதன் வழி வந்ததே.

கதாசிரியரான மருத்துவர்

இதே காலத்தில் கிழக்கு ஐரோப்பாவில் மற்றொரு சோதனை பிறந்தது. செர்பிய நாட்டு மருத்துவர் லாசா லாசரெவிச் (1851–1891), மல்லாந்து படுத்த நோயாளியின் காலை முழங்கால் மடங்காமல் மெல்ல உயர்த்தினால் வலி காலுக்குள் பாய்கிறது என்பதையும், நரம்பு இழுபடுவதே அதற்குக் காரணம் என்பதையும் 1880இல் எழுதினார். இலக்கிய அன்பர்கள் இவரை அறிந்திருத்தல் வேண்டும். செர்பிய மொழியின் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவர் இவர். மனிதரின் துயரைக் கதையில் கேட்டவர், நோயாளியின் காலிலும் கேட்டார் போலும்! மறு ஆண்டு பாரிஸில் ஃபோர்ஸ்ட் என்னும் மாணவர் தம் ஆசிரியர் லாசேகின் சோதனை என்று இதையே ஆய்வேட்டில் விவரித்தார். உலகம் லாசேகின் பெயரையே சூட்டிக்கொண்டது. காலை உயர்த்த முடியாமை என்று சுசுருதர் சொன்ன அடையாளமே, பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு சோதனையாகத் திரும்பி வந்தது.

ஆனால் இச்சோதனையில் ஒரு குறை உண்டு. ‘வலிக்கிறதா?’ என்று கேட்டு, ‘வலிக்கிறது’ என்ற விடையைப் பெறுவதே இது. ஐயப்படுகிறவர் இங்கும் ஐயப்படலாம் அல்லவா?

பாபின்ஸ்கி தேடிய உண்மை

அந்த ஐயத்தைப் போக்க முற்பட்டவர் ஜோசப் பாபின்ஸ்கி (1857–1932). போலந்திலிருந்து புலம்பெயர்ந்த குடும்பத்தில் பாரிஸில் பிறந்தவர். புகழ்பெற்ற சார்க்கோவின் மாணவர். மனக்கலக்கத்தால் கைகால் முடங்கியவர்களும் உண்மையிலேயே நரம்பு கெட்டவர்களும் ஒருங்கே வந்து நின்ற மருத்துவமனைகளில் அவர் வளர்ந்தார். விருப்பத்தால் உண்டாக்கவோ மறைக்கவோ இயலாத அடையாளம் எது என்பதே அவர் வாழ்நாள் தேட்டம். உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேல்நோக்கி எழும் அடையாளத்தை அவர் 1896இல் அறிவித்தார். இன்றும் உலகெங்கும் அது அவர் பெயரால் வழங்குகிறது.

அதே 1896இல் அவர் அறிவித்த மற்றொன்றே நம் பொருளுக்குரியது. தொடை வழியே இறங்கும் வலியுடையோர் சிலரின் குதிகால் நாணைத் தட்டினால், வலியுள்ள காலில் மட்டும் பாதம் அசைவதில்லை என்று அவர் காட்டினார். நல்ல காலைத் தட்டினால் பாதம் துள்ளுகிறது. வலிக்கும் காலைத் தட்டினால் மரம் போலக் கிடக்கிறது. நோயாளி நடிக்க நினைத்தாலும் இதனை நடிக்க இயலாது. மறைக்க நினைத்தாலும் மறைக்க இயலாது.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். கூலியாள் வலி என்று சொன்னால் முதலாளி நம்புவதில்லை. போர்வீரன் வலி என்று சொன்னால் தளபதி நம்புவதில்லை. மருமகள் வலி என்று சொன்னால் வீட்டார் நம்புவதில்லை. இவர்கள் சொல்லுக்குத் துணையாக ஒரு ஊமைச் சாட்சி கிடைத்துவிட்டது. முதல் உலகப் போரின்போது, நோயையும் நடிப்பையும் பிரித்தறியும் பொறுப்பு மருத்துவர்கள் தலையில் விழுந்தது. அன்று பாபின்ஸ்கியின் அடையாளங்கள் மெய்யான நோயாளிகளுக்குப் பெரும் பாதுகாப்பாயின.

காரணம் தெரியாத 38 ஆண்டுகள்

சாட்சி கிடைத்தது, குற்றம் எங்கே நிகழ்ந்தது என்பது மட்டும் தெரியவில்லை. நரம்பு அழற்சி என்றனர்; குளிர் தாக்கியது என்றனர்; வாதம் என்றனர். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் அமைந்த வட்டு, மக்கள் வழக்கில் ‘ஜவ்வு’, பிதுங்கி நரம்பு வேரை நசுக்கக்கூடும் என்று 1911இல் பாஸ்டனில் கோல்ட்வெய்ட்டும் கிளாஸ்கோவில் மிடில்டனும் டீச்சரும் எழுதினர். ஆனால் அது பரவலான ஏற்பைப் பெறவில்லை. முதுகுத்தண்டில் அறுவை செய்து நீக்கிய சிறு துண்டுகளைக் குருத்தெலும்புக் கட்டிகள் என்றே பெயரிட்டு வைத்தனர்.

பாஸ்டன் நகர மருத்துவர்கள் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும் அத்துண்டுகளை மீண்டும் ஆராய்ந்தனர். அவற்றுள் பல கட்டிகளே அல்ல. கிழிந்து வெளிவந்த வட்டின் துண்டுகளே என்று கண்டனர். 1934இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இடுப்பு வலியின் வரலாற்றையே மாற்றிவிட்டது. பாபின்ஸ்கி சாட்சியைக் கண்ட 1896க்கும், குற்றவாளி பிடிபட்ட 1934க்கும் இடையே 38 ஆண்டுகள்! அத்தனை காலமும் அடையாளம் மருத்துவர்களின் கண்முன்னேதான் இருந்தது.

சுத்தியல் எதைச் சொல்கிறது?

இனி, இச்சோதனை எவ்வாறு நரம்பைச் சுட்டுகிறது என்று காண்போம். முழங்கால் துள்ளலுக்குரிய செய்தி பெரும்பாலும் நான்காம் இடுப்பு நரம்பின் வழியே செல்கிறது. ஸ்கேன் அறிக்கைகளில் ‘எல் 4’ என்று குறிப்பது இதனையே. குதிகால் துள்ளலுக்குரியது முதல் திரிக நரம்பு; ‘எஸ் 1’ என்பர். ஆகவே முழங்காலில் துள்ளல் குறைந்தால் மேலே உள்ள வட்டையும், குதிகாலில் குறைந்தால் அனைத்திற்கும் கீழே உள்ள வட்டையும் மருத்துவர் ஐயுறுவார்.

இவ்விரண்டிற்கும் நடுவே ஐந்தாம் இடுப்பு நரம்பு ஒன்று உண்டு. இதற்கு நம்பத்தக்க துள்ளல் எதுவும் இல்லை. இந்த நரம்பு நசுங்கினால் முழங்காலும் துள்ளும், குதிகாலும் துள்ளும். சுத்தியல் ‘குற்றமில்லை’ என்று சொல்லிவிடும். ஆனால் இடுப்பு வட்டுப் பிதுக்கங்களில் மிகப் பெரும்பாலானவை கடைசி இரண்டு வட்டுகளிலேயே நிகழ்கின்றன. அவற்றுள் கீழ்வட்டு நசுக்குவது பேசும் நரம்பை; மேல்வட்டு நசுக்குவது இந்த ஊமை நரம்பை. எனவே நல்ல மருத்துவர் சுத்தியலோடு நிறுத்தமாட்டார். பெருவிரலை மேல்நோக்கி மடக்கச் சொல்லித் தம் விரலால் எதிர்த்து அழுத்திப் பார்ப்பார். குதிகாலால் நடக்கச் சொல்வார். நுனிக்காலால் நடக்கச் சொல்வார். பாதத்தின் மேற்புறத்திலும் வெளி ஓரத்திலும் தொட்டு உணர்வை ஒப்பிடுவார். பெருவிரல் தளர்ந்து பாதத்தின் மேற்புறம் மரத்திருந்தால், துள்ளல் சரியாக இருந்தாலும் ஐந்தாம் நரம்பு முறையிடுகிறது என்று அறிவார். துள்ளல் இருக்கிறது என்பதால் வலி பொய்யாகிவிடாது. இதனை ஆனைக்குட்டத்து உழைப்பாளி மட்டுமன்று, அவருக்குச் சான்றிதழ் தரும் மருத்துவரும் மறத்தலாகாது.

தட்டும் முறையிலும் நுட்பம் உண்டு. கால் தளர்ந்திருத்தல் வேண்டும். பாதத்தைச் சற்றே மேல்நோக்கித் தாங்கிக்கொண்டு குதிநாணைத் தட்டுதல் வேண்டும். இரு கால்களையும் ஒப்பிடுதல் வேண்டும். துள்ளல் தெரியவில்லையென்றால், நோயாளியைத் தம் இரு கை விரல்களையும் கோத்து எதிரெதிராக இழுக்கச் சொல்லித் தட்டுவர். ஹங்கேரி நாட்டு யென்ட்ராசிக் 1880களில் காட்டிய உத்தி அது. இறுக்கம் கைகளுக்குச் செல்ல, ஒளிந்திருந்த துள்ளல் காலில் வெளிப்படும். துள்ளல் குறையாமல் அளவுக்கு மீறி இருந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. நசுக்கம் இடுப்பில் இல்லை, மேலே தண்டுவடத்திலோ மூளையிலோ கோளாறு இருக்கலாம் என்பது அதன் பொருள்.

கையால் தட்டுவதை மின்சாரத்தால் செய்யும் முறையும் வந்தது. ஜெர்மனியின் பால் ஹோஃப்மன் 1910இலும் 1918இலும் எழுதிய ஆய்வுகளின் பயனாக, முழங்காலின் பின்புறம் நரம்பை மின்துடிப்பால் தூண்டி, கெண்டைத் தசையில் திரும்பிவரும் அலையை அளக்கின்றனர். அவர் பெயரின் முதலெழுத்தால் ‘எச் அலை’ என்பர். ஒரு காலில் அது தாமதித்தாலும் மறைந்தாலும் முதல் திரிக நரம்பின் தொல்லை வெளிப்படும்.

சாட்சியையும் விசாரிக்க வேண்டும்

எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணையின்றி ஏற்பது நீதியாகாது. முதுமையில் பலருக்கு இரு குதிகால்களிலும் துள்ளல் இல்லாமற் போவதுண்டு. நம் குடும்பங்களில் பெருகிவிட்ட சர்க்கரை நோயும் இரு கால் நரம்புகளையும் மெல்ல அரித்துத் துள்ளலை அழிக்கும். முன்னொரு காலத்தில் நசுங்கிய நரம்பு வலி தீர்ந்த பின்னும் துள்ளலைத் திரும்பப் பெறாமல் இருக்கலாம். ஆகவே இரு கால்களுக்கும் இடையே உள்ள வேற்றுமையே பெரிதும் பொருளுடையது. துள்ளல், காலுயர்த்தும் சோதனை, தசை வலிமை, தொடு உணர்ச்சி, நோயாளியின் சொல் ஆகிய அனைத்தும் ஒரே நரம்பைச் சுட்டினால்தான் தீர்ப்பு உறுதிப்படும். தனியொரு சோதனை தனித்து நின்றால் வலுவிழந்துவிடும் என்பதே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர் கண்ட முடிவு.

‘படம் எடுத்துவிட்டால் போதாதா?’ என்று கேட்கலாம். காந்த அலைப் படம் வட்டையும் நரம்பையும் தெளிவாகக் காட்டுகிறது. அதன் பயனை மறுப்பாரில்லை. ஆனால் 1994இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வை நோக்குக. முதுகு வலியே இல்லாத 98 பேருக்குப் படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வட்டு புடைத்திருந்தது. 27 விழுக்காட்டினருக்குப் பிதுங்கியே இருந்தது. வலியற்றவர் படத்திலும் பிதுக்கம் உண்டென்றால், படத்தில் கண்டதெல்லாம் வலியின் காரணமாகிவிடுமா? படம் காட்டும் பிதுக்கமும் உடல் சுட்டும் நரம்பும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்பதற்குச் சுத்தியல் இன்றும் வேண்டும். பணம் படைத்தவரின் படத்திற்கும், பணமற்றவரின் வெறுங்காலுக்கும் அது ஒரே நீதியை வழங்குகிறது.

தமிழகத்தில்

நம் நாட்டில் நரம்பு அறுவை மருத்துவத்தின் தொடக்கம் தமிழகத்திலேயே அமைந்தது. கனடாவில் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இத்துறையைத் தொடங்கினார். மறு ஆண்டே, 1950இல், பா. இராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். 1951இல் இந்திய நரம்பியல் கழகம் உருவானபோதும் இவ்விருவரும் முன்னின்றனர். விருதுநகர்ப் பகுதி மக்கள் பெரிய மருத்துவம் என்றால் நெடுங்காலம் மதுரைக்கே சென்றுவந்தனர். சிவகாசியில் தொழிலாளருக்கான ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. 2022ஆம் ஆண்டு சனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்கு எட்டாத தொலைவில் இருந்தது இன்று ஒரு பேருந்துப் பயணத்தில் வந்துவிட்டது.

ஆயினும், இடுப்பு பிடித்துக்கொண்டால் எண்ணெய் தேய்ப்பவரிடமும், முதுகில் மிதிப்பவரிடமும், சூடு போடுபவரிடமும் முதலில் செல்லும் வழக்கம் நம்மிடையே முற்றும் ஒழியவில்லை. அஸ்-ஸஹ்ராவி சூடு போட்டாரே என்று எவரும் வாதிட வேண்டா. தம் காலத்தின் மிக உயர்ந்த அறிவை அவர் பயன்படுத்தினார். நம் காலத்தின் உயர்ந்த அறிவை நாம் பயன்படுத்துவதே அவரைப் பின்பற்றுவதாகும். நசுங்கிய நரம்பின் மேல் முரட்டுத்தனமாக மிதித்து முறுக்குவது, இருப்பதையும் கெடுக்கக்கூடும்.

அச்சமும் வேண்டா. வட்டுப் பிதுக்கத்தால் வரும் கால் வலி, பெரும்பாலோருக்கு அறுவையின்றியே சில வாரங்களில் தணிகிறது. நார்வே நாட்டு வெபர் 1983இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்கள் முதலாண்டின் முடிவில் மேம்பட்டிருந்தனர். நான்காம் ஆண்டில் இரு சாராருக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. படுத்தே கிடக்காமல் இயன்ற அளவு நடமாடுவதும், பளு தூக்காதிருப்பதும், மருத்துவர் சொல்லும் பயிற்சிகளைச் செய்வதும் நன்று. குனியவும் நெற்றியை நிலத்தில் வைக்கவும் இயலாதவருக்கு அமர்ந்து தொழும் சலுகையை மார்க்கம் வழங்கியிருக்கிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு உடலைக் கெடுத்துக்கொள்வது வணக்கமன்று.

ஆனால் ஓர் அபாய நிலையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். இரு கால்களும் ஒருங்கே தளர்தல், தொடையிடுக்கும் அமரும் இடமும் மரத்துப்போதல், சிறுநீர் வராமல் தேங்குதல் அல்லது அறியாமல் கசிதல் ஆகியவை நேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தண்டுவடத்தின் அடியில் உள்ள நரம்புக் கொத்து முழுதும் நசுங்குகிறது என்பது அதன் பொருள். அன்றே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பாதம் நாளுக்கு நாள் தளர்ந்து தொங்கினாலும் அவ்வாறே விரைதல் வேண்டும். நம் பெண்கள் கூச்சத்தால் இவற்றை மறைத்துவிடுவதுண்டு. கூச்சத்தின் விலை வாழ்நாள் முழுதும் தொடரும் ஊனமாகிவிடக் கூடாது.

கூலிக்காக இடுப்பை வளைத்து உழைப்பவர் வலி என்று சொன்னால், நாம் செய்யவேண்டிய முதல் கடமை அவரை நம்புவது. இரண்டாவது, காலைத் தொட்டுப் பார்த்துத் தட்டிப் பார்க்கும் மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்வது. ‘ஐயா, இரண்டு குதிகாலையும் தட்டிப் பாருங்கள், பெருவிரலின் வலுவையும் பாருங்கள்’ என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. ஆனைக்குட்டத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் நம் வீட்டுத் தீபத்திற்கும் பிறர் வீட்டுத் திருநாளுக்கும் நெருப்பைச் செய்து தருகிற கைகள், நிமிர்ந்த முதுகோடு வீடு திரும்புவதற்கு நாம் செய்யக்கூடிய உதவி இது.